ஒரு தொட்டி, ஒரு கைப்பிடி வெந்தயம்: வீட்டுத் தாழ்வாரத்தில் கீரை வளர்க்கத் தொடங்குவோருக்கு

சிங்கப்பூரில் நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. இது பள்ளியில் எல்லாரும் படித்த செய்திதான். ஆனால் 2020ஆம் ஆண்டில் கிருமித்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோதுதான் பலருக்கு அதன் பொருள் புரிந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் தேசிய பூங்காக் கழகம் கீரை, காய்கறி விதைப் பொட்டலங்களை வீடுகளுக்கு இலவசமாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது உயர்நிலைப்பள்ளியில் இருந்த என் தோழிகள் பலர் முதன்முறையாக ஒரு விதையைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் இன்றும் செடி வளர்ப்பவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

மற்றவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். “எனக்குக் கைராசி இல்லை” என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். விவரம் கேட்டால் வேறு காரணங்கள் வெளிவந்தன. ஒருத்தி வீட்டில் வெயிலே படாத மூலையில் தக்காளி. இன்னொருத்தி ஒரே நாளில் ஆறு தொட்டிகள் வாங்கினாள். தேர்வு வந்ததும் ஆறும் காய்ந்துபோயின. மூன்றாமவள் தினமும் இரண்டு வேளை நீர் ஊற்றி வேரை அழுகவிட்டாள். இதில் கைராசிக்கு இடமே இல்லை. தெரிந்துகொண்டால் தவிர்க்கக்கூடிய சில செய்திகள்தான் இருக்கின்றன.

வீவக வீட்டில் வசிக்கும், பாடமும் பகுதிநேர வேலையுமாக ஓடிக்கொண்டிருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய கட்டுரை இது. பெரிய தோட்டம் போட இதில் வழி சொல்லப்போவதில்லை. முதல் 30 நாள்களில் ஒரு தொட்டிக் கீரையை அறுவடை செய்து சமைக்க வேண்டும் என்பதே இலக்கு.

பணம் மிச்சமாகுமா?

இந்தக் கேள்விக்கு முதலில் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுவது நல்லது. கீரையைப் பொறுத்தவரை மிச்சமாகாது. ஈரச்சந்தையில் ஓரிரண்டு வெள்ளிக்கு ஒரு கட்டுக் கீரை கிடைத்துவிடும். தொட்டி, மண், உரம் என்று நாம் செலவழிப்பதை ஈடுகட்டவே பல அறுவடைகள் ஆகும்.

ஆனால் புதினா, கறிவேப்பிலை, பாண்டான் இலை போன்றவற்றின் கணக்கு வேறு. ஒரு ரசத்துக்குத் தேவை ஓர் இணுக்குக் கறிவேப்பிலை. வாங்குவதோ ஒரு பொட்டலம். மீதி குளிர்பதனப் பெட்டியில் கறுத்துக் குப்பைக்குப் போகும். வேண்டும்போது வேண்டிய அளவு கிள்ளிக்கொள்ளச் செடி இருந்தால் அந்த விரயம் இல்லை. ஆகவே கீரையை அனுபவத்துக்காகவும் புத்துணர்வுக்காகவும் வளர்க்கலாம். வாசனை இலைகளைச் சிக்கனத்துக்காகவும் வளர்க்கலாம்.

முதலில் வெயிலைக் கணக்கெடுங்கள்

விதை வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. வீட்டில் இருக்கும் ஒரு சனிக்கிழமையில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தாழ்வாரத்தையோ சன்னலோரத்தையோ கைப்பேசியில் படம் எடுங்கள். நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.

அடுத்து, உங்கள் தாழ்வாரம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று திசைகாட்டியில் பாருங்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகச் செல்கிறது. மற்ற ஆறு மாதங்களில் தெற்குப் பக்கமாக. வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் நல்ல வெயில் இருக்கும், டிசம்பரில் இருக்காது. தெற்கு பார்த்ததில் இது தலைகீழ். “ஆறு மாதம் நன்றாக வளர்ந்த செடி திடீரென்று வாடிவிட்டது” என்று சொல்பவர்கள் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கிழக்கு பார்த்த வீட்டுக்குக் காலை வெயிலும் மேற்கு பார்த்த வீட்டுக்குப் பிற்பகல் வெயிலும் ஆண்டு முழுவதும் கிடைக்கும், எதிரே வேறு புளோக் மறைக்காத வரையில்.

இப்போது செடியைத் தேர்ந்தெடுக்கலாம். நேரடி வெயில் 2 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்து, வெளிச்சம் மட்டும் நன்றாக இருந்தால், பாண்டான், புதினா, வல்லாரை. 3 அல்லது 4 மணி நேரம் இருந்தால் வெந்தயக்கீரை, கொடிப்பசலை, கங்கோங். 5 மணி நேரத்துக்கு மேல் என்றால் முளைக்கீரை, மிளகாய், கறிவேப்பிலை. தக்காளி, கத்தரி போன்ற காய்க்கும் செடிகளை முதல் ஆண்டில் மறந்துவிடுங்கள். இலையை உண்ணும் செடிகளே புதியவர்களுக்கு ஏற்றவை. காய்ப்பதற்குச் செடிக்குத் தேவைப்படும் வெயில் பெரும்பாலான தாழ்வாரங்களில் கிடைப்பதில்லை.

தொட்டியும் மண்ணும்

கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி போதும். கறிவேப்பிலைக்கு 30 சென்டிமீட்டராவது வேண்டும். புதுத் தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. அரிசி வாளி, தயிர் டப்பா, பழைய பிளாஸ்டிக் பெட்டி எதுவானாலும் அடியில் நான்கைந்து துளைகள் இருக்கவேண்டும். துளையில்லாத தொட்டியில் நீர் அடியில் தங்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, செடி அழுகும்.

புளோக்குக் கீழே உள்ள புல்தரை மண்ணைத் தோண்டி எடுக்காதீர்கள். அது பொதுநிலம் என்பது ஒருபுறம் இருக்க, நம் ஊர் மண் களிமண் தன்மை கொண்டது. தொட்டியில் போட்டால் சில வாரங்களில் செங்கல்போல் இறுகிவிடும். செடிக்கடையிலோ பேரங்காடியிலோ தொட்டிக்கென்றே விற்கும் மண்கலவையை வாங்குங்கள். வெறும் தேங்காய் நார்த்தூளை மட்டும் வாங்கிவந்து நட்டால் ஈரம் நிற்கும், சத்து இருக்காது. நார்த்தூளோடு மக்கிய உரம் ஏறக்குறைய சம அளவு கலந்தால் கீரைக்குப் போதும். சில நார்த்தூளில் உப்பு இருக்கும் என்பதால் முதலில் ஒருமுறை நீரில் அலசிப் பிழிந்துகொள்வது நல்லது.

முதல் முயற்சிக்கு வெந்தயம்

விதைக்காகக் கடைக்குப் போகவேண்டாம். அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். வறுக்காத வெந்தயம் ஒரு கைப்பிடி இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் நாள் இரவு வெந்தயத்தை நீரில் ஊறவையுங்கள். மறுநாள் காலை நீரை வடித்துவிட்டு, ஈரமான மண்ணின்மேல் பரவலாகத் தூவுங்கள். விதைகள் ஒன்றன்மேல் ஒன்று குவியக்கூடாது. நெருக்கமாக விதைத்தால் காற்றோட்டம் இல்லாமல் நாற்றுகளின் அடித்தண்டு அழுகிச் சாயும். அரை சென்டிமீட்டர் அளவுக்கு மண்ணால் மூடி, கையால் நீர் தெளியுங்கள். குடுவையிலிருந்து நேராக ஊற்றினால் விதைகள் ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படும்.

இரண்டு, மூன்று நாள்களில் முளை தெரியும். முதலில் வருபவை தடித்த இரண்டு விதையிலைகள். அதன்பின் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்து வருவதே உண்மையான வெந்தய இலை. இரண்டு வாரங்களில் பத்து சென்டிமீட்டர் உயரம் வந்துவிட்டால் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். பருப்புக்கும் சப்பாத்தி மாவுக்கும் இந்த இளங்கீரையே சுவை. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் மூன்று, நான்கு வாரங்கள் வரை விடலாம். கசப்பு சற்றுக் கூடும். அடியோடு வெட்டிய வெந்தயம் மீண்டும் நன்றாகத் தழைக்காது. மண்ணைக் கிளறி, ஒரு பிடி மக்கிய உரம் கலந்து, மறுபடியும் விதையுங்கள்.

வெந்தயத்தை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதைப்பு, முளைப்பு, அறுவடை மூன்றையும் ஒரு மாதத்துக்குள் பார்த்துவிடலாம். பருவத் தேர்வுக்கு முன் தொடங்கிப் பாதியில் விடும் அபாயம் குறைவு. தோற்றாலும் இழப்பு சில காசுகள்தான்.

அடுத்த கட்டச் செடிகள்

வெந்தயம் கைவந்தபின் ஒரு நேரத்தில் ஒரு செடி என்று சேர்த்துக்கொள்ளலாம்.

கங்கோங்: சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே தொடங்கலாம். இலைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கணுக்கள் உள்ள தடித்த தண்டுகளை நீரில் நிறுத்துங்கள். சில நாள்களில் கணுவில் வெள்ளை வேர் விடும். பிறகு மண்ணில் நடலாம். அறுவடையின்போது அடியில் இரண்டு கணுக்களை விட்டு வெட்டினால் மீண்டும் தழைக்கும்.

கொடிப்பசலை: இதுவும் தண்டிலிருந்தே வளரும். படர ஒரு கயிறு கட்டிக்கொடுத்தால் போதும். மறதிக்காரர்களையும் மன்னிக்கும் செடி.

முளைக்கீரை: விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். இரண்டு கரண்டி உலர்ந்த மணலில் கலந்து தூவுங்கள். நெருக்கமாக முளைத்தவற்றைக் களைந்து அந்த வாரமே சமைத்துவிடலாம். நான்கு வாரங்களில் மற்றவை தயார்.

புதினா: பேரங்காடிப் புதினாவில் வலுவான நான்கு தண்டுகளைத் தேர்ந்து, கீழ் இலைகளை நீக்கி, ஒரு கண்ணாடிக் குவளை நீரில் வையுங்கள். ஒன்று, இரண்டு வாரங்களில் வேர் விடும். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள். பக்கத்துச் செடியின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கற்பூரவல்லி: ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் பிழைத்துக்கொள்ளும். அதற்கு எதிரி அதிக நீர் மட்டுமே.

கறிவேப்பிலை: பொறுமைசாலிகளுக்கான செடி. முதல் ஆண்டில் பெரும்பாலும் வேரைத்தான் வளர்க்கும். அந்த நேரத்தில் இலை பறிக்கும் ஆசையை அடக்கவேண்டும். பழுத்த விதையைக் காயவைக்காமல் உடனே விதைத்தால்தான் முளைக்கும். மாணவர்களுக்கு எளிதான வழி, சிறு கன்றாக வாங்குவது. கன்று கொஞ்சம் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விடும்.

கொத்தமல்லியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்லாரும் ஆசைப்படும் செடி அது. ஆனால் நம் வெப்பத்தில் இலை பெருகுவதற்கு முன்பே பூத்துவிடும். அதில் தொடங்கித் தோற்று, செடி வளர்ப்பையே விட்டவர்கள் உண்டு. நிழல் சற்று அதிகமுள்ள இடத்தில் பிறகு முயன்று பார்க்கலாம்.

நீர்: குறைவைவிடக் கூடுதலே ஆபத்து

“ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊற்றவேண்டும்?” என்பது சரியான கேள்வி அன்று. ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், வேர் ஆழமாக இறங்காது. காலையில் ஊற்றுவது நல்லது. இரவில் நனைந்த இலையில் பூஞ்சை எளிதில் பிடிக்கும்.

செடி வாடுவதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நீர் குறைந்தாலும் வாடும், நீர் கூடி வேர் அழுகினாலும் வாடும். விரல்தான் உண்மையைச் சொல்லும்.

உரத்துக்கும் இதே விதிதான். இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பிடி மக்கிய உரம் போதும். அரிசி கழுவிய நீரை ஊற்றுவதானால் அன்றே ஊற்றிவிடுங்கள், சேர்த்துவைத்தால் நாறும். பழத்தோல், காப்பித்தூள், மீந்த சோறு ஆகியவற்றை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். அவை உரமாவதற்கு முன் கரப்பான்பூச்சியும் எலியும் வந்துவிடும். அந்தத் தொல்லை உங்களோடு நிற்காது, அடுத்த வீட்டுக்கும் போகும்.

தாழ்வாரம் எல்லாருடையது

செடி வளர்ப்புக் காணொளிகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதி இதுதான். நம்மில் பலருக்குச் சொந்தமான பால்கனி கிடையாது. தொட்டி வைக்கும் இடம் பொதுத் தாழ்வாரம். தீ பற்றினால் அண்டைவீட்டார் வெளியேறும் பாதையும் அதுவே.

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி, தாழ்வாரத்தில் எப்போதும் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும். இந்த எண்ணை நான் வெறும் விதியாக எண்ணியிருந்தேன். எங்கள் தளத்தின் கடைசி வீட்டில் சக்கர நாற்காலியில் நடமாடும் தாத்தா ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு ஓர் இரவு அவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. மருத்துவ உதவியாளர்கள் அவரைத் தள்ளுபடுக்கையில் மின்தூக்கிவரை கொண்டுபோனபோது, ஐந்து வீடுகளின் தொட்டிகளைக் கடந்து போனார்கள். எங்கும் நிற்கவில்லை, எதையும் நகர்த்தவில்லை. அந்த 1.2 மீட்டர் எதற்கு என்று அன்று கண்ணால் பார்த்தேன். அவர் குணமாகித் திரும்பிவிட்டார்.

ஆகவே தொட்டி வைப்பதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள். சுவரோரமாக ஒற்றை வரிசையில் வையுங்கள். படிக்கட்டு, மின்தூக்கி முகப்பு, தீயணைப்புக் குழாய் அருகே எதுவும் வைக்காதீர்கள். கைப்பிடிச் சுவரின்மேலோ சன்னலுக்கு வெளியேயோ தொட்டி வைப்பது கூடவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் ஒரு சிறு தொட்டி ஓர் உயிரைப் பறிக்கப் போதும். உங்கள் பேட்டைக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டா என்று நகர மன்றத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று டெங்கி. ஏடிஸ் கொசுவின் முட்டை, சூழல் சாதகமாக இருந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழுக் கொசுவாகிவிடும். நீர் வற்றினாலும் முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேசிய சுற்றுப்புற வாரியம் வலியுறுத்தும் 5 தடுப்பு நடவடிக்கைகளில் மூன்று நம்மைப் போன்றோருக்கு உரியவை: இறுகிய மண்ணைக் கிளறிவிடுவது, தொட்டித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவது, பூச்சாடி நீரை மாற்றுவது. முடிந்தால் தட்டே வைக்காதீர்கள். வேர்விட வைத்திருக்கும் புதினாக் குவளையின் நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். பாண்டான் செடியின் இலைக்கக்கத்தில்கூட நீர் தங்கும். அதையும் பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

விதிகளைவிட ஒரு நல்ல வார்த்தை அதிக வேலை செய்யும். தொட்டி வைப்பதற்கு முன் அண்டைவீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். முதல் அறுவடையில் ஒரு பிடி கொடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் என் கறிவேப்பிலைக்குப் பதிலாகப் பாண்டான் பக்கக்கன்று ஒன்றைக் கொடுத்தார். அந்தச் செடி இப்போது அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே நிற்கிறது. இரு வீட்டாரும் கிள்ளிக்கொள்கிறோம்.

பூச்சி வந்தால்

பூச்சி வராத செடி இல்லை. தினமும் ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். தொடக்கத்திலேயே கண்டால் நீரைப் பீய்ச்சி அடித்தோ, ஈரத்துணியால் துடைத்தோ நீக்கிவிடலாம். பெருகிவிட்டால், 1 லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டு மென்மையான திரவ சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து மறுநாள் கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பறித்த இலையை நன்றாகக் கழுவிய பிறகே சமைக்கவேண்டும். வீட்டுக் கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் மருந்தை உண்ணும் செடிமீது ஒருபோதும் அடிக்காதீர்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போன்ற ஒரு புழுவைக் கண்டால் உடனே நசுக்கிவிடாதீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் காமன் மார்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் கறிவேப்பிலையில் முட்டையிடும். புழு வளர்ந்தபின் பச்சை நிறமாகும். கன்று சிறியதானால் புழுவை வேறு எலுமிச்சைச் செடிக்கு மாற்றலாம். செடி பெரியதானால் ஒரு கிளையை விட்டுக்கொடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். உயிரியல் பாடநூலில் படித்த உருமாற்றத்தை வாசலிலேயே காணலாம்.

தட்டுக்கு வரும்போது

வளர்த்த கீரையை உண்ணத் தொடங்கியதும், வாரத்தில் ஓரிரு நாள் சைவமாக இருந்து பார்ப்போமே என்று சிலருக்குத் தோன்றும். முழு சைவத்துக்கோ பால்பொருளும் சேர்க்காத உணவுமுறைக்கோ மாற நினைப்போரும் உண்டு. நல்லதுதான், ஆனால் வெறும் இலையை மட்டும் உண்டு நாளைக் கடத்தக்கூடாது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘என் ஆரோக்கியத் தட்டு’ எளிய வழிகாட்டி: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம். இறைச்சியை விட்டால் அந்தக் கால் பங்கு காலியாகிவிடக் கூடாது. பருப்பு, கொண்டைக்கடலை, தவ்ஹூ, டெம்பே, முளைகட்டிய பச்சைப்பயறு ஆகியவற்றில் ஒன்றேனும் அங்கே இருக்கவேண்டும்.

கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. எலுமிச்சைச் சாறு, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்த ஒன்றைச் சேர்த்தால் நன்றாக ஏற்கும். தேநீர் அதைத் தடுக்கும். எனவே சாப்பிட்டவுடன் தே தாரிக் குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். பெண்பிள்ளைகள் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். பால்பொருளையும் முட்டையையும் விடுவோர் வைட்டமின் பி12 பற்றி மருத்துவரிடம் பேசவேண்டும். செடி உணவில் அது போதிய அளவு கிடைக்காது. சத்து சேர்த்த உணவு அல்லது மாத்திரை தேவைப்படும்.

உணவங்காடியில் சாப்பிடும் சைவர்களுக்கு ஒரு குறிப்பு: கங்கோங் வறுவலில் பெரும்பாலும் பிளாச்சான் இருக்கும், அது இறாலில் செய்தது. மற்றக் கீரை வறுவல்களில் சிப்பிச் சாறு இருக்கலாம். கேட்டு வாங்குங்கள்.

‘இயற்கையானது’ என்பதற்காக எதையும் அளவின்றி உண்ணலாம் என்று நினைக்காதீர்கள். சமூக ஊடகங்களில் ‘பச்சைச் சாறு’ மோகம் பரவியிருக்கும் இந்தக் காலத்தில் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளவேண்டும். சாயூர் மானிஸ் என்று நாம் அறிந்த தவசிக்கீரை நம் வட்டாரத்தில் காலங்காலமாகச் சமைத்து உண்ணப்படுகிறது. 1990களின் நடுப்பகுதியில் தைவானில் உடல் எடையைக் குறைப்பதற்காகப் பலர் அதைப் பச்சையாக அரைத்து, வாரக்கணக்கில் சாறாகக் குடித்தார்கள். அவர்களில் பலருக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் மீளமுடியாத அளவுக்குப் பாதிக்கப்பட்டன. உயிரிழந்தவர்களும் உண்டு. கீரையை நம் பாட்டிமார் சமைத்ததுபோல் சமைத்து, அளவாக உண்ணுங்கள். பெயர் உறுதியாகத் தெரியாத செடியை வாயில் வைக்காதீர்கள். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை மட்டும் நம்புவதும் வேண்டாம்.

பெயர் கேட்டுப் பழகுங்கள்

நம்மில் பலருக்குக் கீரைகளின் பெயர் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் தெரியும். பாயம் என்றால் தெரியும், முளைக்கீரை என்றால் விழிப்போம். பெகாகா தெரியும், அதுதான் வல்லாரை என்பது தெரியாது. செராய்க்கு எலுமிச்சைப்புல் என்றும் லெங்குவாசுக்குப் பேரரத்தை என்றும் பாண்டானுக்கு ரம்பை என்றும் பெயர் உண்டு. கங்கோங்குக்கு வள்ளை என்ற பழந்தமிழ்ப் பெயர் இருக்கிறது. குளங்களில் படரும் கொடியாகச் சங்க இலக்கியத்தில் அது வருகிறது.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயர் கேளுங்கள். பெயரோடு அவர்கள் நிறுத்தமாட்டார்கள். எதோடு சேர்த்துச் சமைப்பது, எந்த நோவுக்கு எதைக் கொடுத்தார்கள், தோட்டப்புற வீட்டுக்குப் பின்னால் என்னென்ன வளர்ந்தது என்று பேச்சு நீளும். வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்யும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

இடமே இல்லாதவர்களுக்கு

விடுதி அறையில் இருப்பவர்கள் மனம் தளரவேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையும் ஒரு பிடி பச்சைப்பயறும் போதும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியால் மூடி, காலையும் மாலையும் அலசுங்கள். ஒன்றிரண்டு நாளில் முளைவிடும். நம் வெப்பத்தில் கிருமி எளிதில் பெருகும் என்பதால் பச்சையாக உண்ணாமல் வேகவைத்து உண்ணுங்கள். வெங்காயத்தாளின் வேர்ப்பகுதியைச் சிறு தொட்டியில் நட்டால் சன்னலோரத்திலேயே மீண்டும் வளரும்.

மண்ணில் கைவைக்க ஆசைப்படுவோருக்குச் சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. தேசிய பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் தீவெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உருவாகியுள்ளன. உங்கள் புளோக் அருகிலும் ஒன்று இருக்கக்கூடும். பூங்காக்களில் தனியார் பயிரிட வாடகைக்கு விடப்படும் பாத்திகளும் உண்டு. ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். 3 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். விண்ணப்பதாரர் அதிகம் என்பதால் குலுக்கலில் தேர்வு செய்கிறார்கள். சமூகத் தோட்டத்துக்குப் போனால் முதல் நாள் வேடிக்கை பாருங்கள், இரண்டாம் நாள் களை பிடுங்கக் கைகொடுங்கள். அங்கிருக்கும் முதியவர்கள் அரை மணி நேரத்தில் கற்றுத்தருவதை எந்தக் காணொளியும் தராது.

இந்த வாரயிறுதியில் மூன்று வேலைகள்

சனிக்கிழமை: வெயிலைப் படம் எடுங்கள், தாழ்வாரத்தை அளந்து பாருங்கள்.

சனிக்கிழமை இரவு: ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊறவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை: அடியில் துளையிட்ட ஒரு பழைய டப்பாவில் மண் நிரப்பி விதையுங்கள். அண்டைவீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இரண்டாவது தொட்டியைப் பற்றி அறுவடைக்குப் பிறகு யோசிக்கலாம்.